ஓட்டத்தை எப்போது நிறுத்துவது, யார் நிறுத்துவது?

கேள்வி: எங்கள் ஊர் ஓட்டக் குழு வரும் டிசம்பரில் முதன்முறையாக 10 கி.மீ., 21 கி.மீ. ஓட்டம் நடத்துகிறது. 1,500 பேர் வரை வரலாம். அனுமதிக்குப் போனபோது அவசரகாலத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கிடைக்கும் மாதிரி ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் போதுமா? அதில் உண்மையில் என்ன இருக்க வேண்டும்?

பதில்:

நிரப்பிக் கொடுத்தால் அனுமதி கிடைத்துவிடலாம். ஆனால் அன்று காலை ஒருவர் சுருண்டு விழும்போது அந்தக் கோப்பு யார் கையிலும் இருக்காது. ஓட்டங்களில் மருத்துவ ஒருங்கிணைப்பு வேலையைத் தொடர்ந்து செய்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பக்கங்களின் எண்ணிக்கையை விடுங்கள். மூன்று கேள்விகளுக்கு மட்டும் எண்ணோடும் பெயரோடும் பதில் எழுதுங்கள். எந்த நிலை வந்தால் ஓட்டத்தை நிறுத்துவீர்கள்? நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? நிறுத்திவிட்டால், பாதையில் ஆங்காங்கே நிற்கப் போகும் ஆயிரம் பேரை என்ன செய்வீர்கள்? தொடங்குவதற்கு மைக், பலூன் வளைவு, சிறப்பு விருந்தினர், கொடியசைப்பு என்று நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி நிரல் போடுகிறோம். நிறுத்துவதற்கும் அதே அளவு நிரல் வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் அது ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஏன் இதையே முதலில் சொல்கிறேன் என்பதற்கு சிகாகோ மாரத்தானைப் பாருங்கள். 2007 அக்டோபர் 7. அக்டோபரில் குளிர்ந்துவிடும் நகரம் அது. அன்று வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தொட்டது, காற்றில் ஈரமும் அதிகம். சுமார் 36,000 பேர் ஓடத் தொடங்கினார்கள். தொடங்கி மூன்றரை மணி நேரம் ஆனபோது அமைப்பாளர்கள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். பாதித் தூரத்தைத் தாண்டாதவர்களைத் திருப்பி, தொடங்கிய இடமான கிராண்ட் பார்க்குக்கு அனுப்பினார்கள். தாண்டியவர்களிடம் நடந்து வரச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு சிகிச்சை தேவைப்பட்டது. ஒருவர் இறந்தார். அவருக்கு இதய வால்வில் கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. கடைசியில் முடித்தவர்கள் சுமார் 25,000 பேர்.

அந்த நாளைப் பற்றி ஓட்டக்காரர்கள் சொன்ன முக்கியப் புகார் தண்ணீர். பல நிலையங்களில் காலி. அமைப்பாளர்களோ போதுமான தண்ணீர் வைத்திருந்தோம் என்றார்கள். இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். வெயில் ஏறினால் மனிதன் ஒரு கோப்பையைக் குடிப்பான், இன்னொன்றைத் தலையில் ஊற்றிக்கொள்வான். முன்னால் போகிறவர்கள் இரட்டிப்பாக எடுத்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பின்னால் வருகிறவர்கள் யார்? முதன்முறை ஓடுகிறவர்கள், வயதானவர்கள், உடல் கனத்தவர்கள். வெயிலில் அதிக நேரம் நிற்கப் போகிறவர்களும் அவர்களே.

உங்கள் ஓட்டத்துக்கு இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 1,500 பேரும் கடக்கும் ஒரு தண்ணீர் நிலையம். ஆளுக்கு 200 மில்லி கோப்பை இரண்டு. மொத்தம் 600 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 30. 'ஆளுக்கு ஒரு கப்' என்று கணக்குப் போட்டு 15 கேன் இறக்கிவிட்டுப் போகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். 30 கேனுக்கு மேல் ஒரு பாதி, 15 கேன், ஒரு சிறிய லாரியில் பாதையின் நடுப்பகுதியில் நிற்கட்டும். எந்த நிலையத்தில் பத்து கேனுக்குக் கீழே இறங்கினாலும் அங்கிருப்பவர் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும், லாரி கிளம்ப வேண்டும். தீர்ந்த பிறகு சொன்னால் லாரி போய்ச் சேருவதற்குள் இருநூறு பேர் தண்ணீரின்றிக் கடந்திருப்பார்கள். அரை லிட்டர் பாட்டிலாகக் கொடுப்பதைத் தவிருங்கள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு எறிவார்கள். தண்ணீரும் வீண், காலடியில் உருளும் பாட்டிலில் இடறி விழுகிறவர்களும் உண்டு.

இப்போது நிறுத்தும் எண்கள். சிகாகோவில் இன்று கொடி நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் அன்றைய நிலைக்கான நிறம் தெரியும். கறுப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. எளிய ஏற்பாடு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிறத் துணி தைக்க அதிகம் செலவாகாது. ஆனால் எந்த நிறம் எப்போது ஏறும் என்பதை இப்போதே எழுத வேண்டும்.

வெயிலுக்கு வெறும் வெப்பநிலை போதாது. டிசம்பர்தானே, விடியற்காலைதானே என்று இருந்துவிடாதீர்கள். நம் கரையோர ஊர்களில் அதிகாலை ஈரப்பதம் 85, 90 சதவீதம் சாதாரணம். வியர்வை வழியும், உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால்தான் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவைப் பார்க்கச் சொல்கிறோம். கையடக்கக் கருவியாகவே கிடைக்கிறது. அந்த அளவு 28 டிகிரியைத் தாண்டினால் நீண்ட தூர ஓட்டத்துக்கு மிக அபாயகரம் என்பது மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. நம் மக்கள் இந்தச் சூட்டுக்குப் பழகியவர்கள் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் ஏ.சி. அறையில் வேலை பார்த்துவிட்டு வாரம் ஒருநாள் ஓடுகிறவர் பழகியவர் கணக்கில் வரமாட்டார். உங்கள் மருத்துவத் தலைவரோடு உட்கார்ந்து உங்கள் ஊருக்கான எண்ணை முடிவு செய்து, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

இரண்டாவது எண், இதைவிட எளியது: கையில் மிச்சமிருக்கும் ஆம்புலன்ஸ். மூன்று ஆம்புலன்ஸ் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு நோயாளிகளோடு மருத்துவமனைக்குப் போய்விட்டன. போய் இறக்கிவிட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம். மூன்றாவதும் கிளம்பும் நொடியில் பாதையில் இருக்கும் அத்தனை பேரும் பாதுகாப்பின்றி ஓடுகிறார்கள். ஆகவே 'கடைசி ஆம்புலன்ஸ் நகர்ந்தால் சிவப்புக் கொடி, எல்லோரும் நடக்க வேண்டும். இருபது நிமிடத்துக்குள் ஒன்றாவது திரும்பாவிட்டால் கறுப்பு' என்று எழுதுங்கள். வானிலையைப் பற்றி ஆளாளுக்கு வாதாடலாம். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

யார் சொல்வது? ஓட்டத்தை முன்னின்று நடத்தும் ரேஸ் டைரக்டர் ஒருவரிடமே இந்த முடிவை விடாதீர்கள். அவர் நல்லவர், வல்லவர் என்பது வேறு. பணம் கொடுத்த நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் நிற்பார். மேடையில் அமைச்சரோ ஆட்சியரோ இருப்பார். ஆறு மாதம் தூங்காமல் உழைத்த உழைப்பு கண்முன்னே நிற்கும். அந்த நிலையில் எந்த மனிதருக்கும் 'இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்' என்றுதான் தோன்றும். எனவே மருத்துவத் தலைவருக்குத் தனி அதிகாரம் கொடுங்கள்: அவர் நிறுத்து என்றால் நிற்கும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. காவல்துறை அதிகாரி ஒருவருக்கும் அதே அதிகாரம். மூவரும் அன்று காலை ஒரே அறையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தால் ஏற்பாடு இருந்தும் பயனில்லை. அந்த அறையில் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பு எவருக்கும் இருக்கக் கூடாது.

நிறுத்தியாயிற்று. அடுத்து? நிறுத்தினால் ஓட்டம் முடிந்தது என்று நினைத்து வாலண்டியர்கள் மேசையை மடக்கத் தொடங்குவார்கள். அதுதான் பெரிய ஆபத்து. நடந்து வருகிறவருக்கு ஓடி வருகிறவரைவிட இரண்டு, மூன்று மடங்கு நேரம் ஆகும். அதுவரை தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும். கடைசி பிப் (ஓட்டக்காரர் மார்பில் குத்தியிருக்கும் எண் அட்டை) கடந்து, பின்னால் வரும் ஸ்வீப்பர் வண்டி கையசைக்கும்வரை எந்த நிலையமும் மூடக் கூடாது. ஓட்டம் நடக்கும் நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, பள்ளி, கல்லூரிப் பேருந்துகள் சும்மா நிற்கும். நான்கைந்தைப் பேசி, பாதையின் வெவ்வேறு இடங்களில், ஓட்டுநரோடு, போக வேண்டிய திசையைப் பார்த்தபடி நிறுத்தி வையுங்கள். தேவைப்பட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், கூப்பிடும் நேரத்தில் ஓட்டுநர் டீக்கடையில் இருப்பார், பேருந்து அடைத்த சாலையின் தவறான பக்கத்தில் இருக்கும்.

ஒவ்வொரு வாலண்டியரும் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் எழுதிக் கொடுங்கள். 'மருத்துவக் காரணத்துக்காக ஓட்டம் நிறுத்தப்பட்டிருக்கிறது. தயவுசெய்து நடந்து வாருங்கள். அடுத்த தண்ணீர் நிலையத்தில் பேருந்து வரும். பதக்கம் எல்லோருக்கும் உண்டு.' கடைசி வரியைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். பதக்கத்துக்காகவே நிற்க மறுத்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவப் பக்கம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவதும் பிழைப்பதும் இங்கேதான்.

வெப்பத் தாக்குதலில் விழுந்தவரை உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கம். அது தவறு. முதலில் குளிர்வி, பிறகு அனுப்பு என்பதுதான் விதி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபால்மவுத் என்று ஆகஸ்ட் மாத வெயிலில் நடக்கும் 7 மைல் ஓட்டம் இருக்கிறது. 18 ஆண்டுகளில் அங்கே 274 பேருக்கு வெப்பத் தாக்குதல் வந்தது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். செய்தது ஒன்றுதான்: விழுந்த இடத்துக்கு அருகிலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டி, அதில் கழுத்துவரை அமிழ்த்துவது. உடம்புச் சூடு 39 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே வண்டியில் ஏற்றுவது. மூளையும் ஈரலும் சிறுநீரகமும் எத்தனை நிமிடம் அந்தச் சூட்டில் வெந்தன என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரப் பயணம் அந்த நிமிடங்களைத் தின்றுவிடும்.

இதற்குப் பெரிய கருவிகள் ஒன்றும் வேண்டாம். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பார் கிடைக்கும். முந்தைய இரவே உடைத்துத் தெர்மோகோல் பெட்டிகளில் வையுங்கள். சமையல்காரர்களிடம் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று முடிவுக்கோட்டு மருத்துவக் கூடாரத்தில் இருக்கட்டும். பாதையில் தொட்டி வைக்க முடியாத இடங்களில் ஒரு தார்ப்பாய் போதும். ஆளை அதன் நடுவில் படுக்க வைத்து, ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸையும் தண்ணீரையும் கொட்டி, தொட்டில்போல மெல்ல ஆட்ட வேண்டும். தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். உங்கள் வாலண்டியர்களை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள்.

யாருக்கு இது வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும் என்று பழைய பாடம் ஒன்று உண்டு. ஓட்டக்காரர்களிடம் அதை நம்பாதீர்கள், சொட்டச் சொட்ட வியர்த்திருப்பார்கள். பேச்சைக் கவனியுங்கள். தன் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறார், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, பிடிக்க வந்தவரை அடிக்கிறார், தள்ளாடுகிறார் என்றால் வெப்பத் தாக்குதல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நெற்றியில் காட்டும் கருவியும் காதில் வைப்பதும் இங்கே பொய் சொல்லும். ஆசனவாய் வழியாக எடுக்கும் அளவுதான் சரி. மருத்துவக் கூடாரத்தில் அதற்கான மறைப்புத் திரை வேண்டும், பெண் ஓட்டக்காரர்களுக்குப் பெண் செவிலியர் வேண்டும். கூச்சத்தால் இந்த அளவை எடுக்காமல் விடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று: விழுந்தவர் எல்லோருக்கும் டிரிப் ஏற்றுவது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததன் விளைவு. அப்படிப்பட்டவருக்கு மேலும் திரவத்தை ஏற்றினால் மூளை வீங்கிவிடும். ஏற்றலாமா வேண்டாமா என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்யட்டும். வாலண்டியர்கள் 'நிறையக் குடிங்க, நிறையக் குடிங்க' என்று திணிப்பதையும் நிறுத்துங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

இதயம் நின்றுபோவது அபூர்வம். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் அரை மாரத்தான், மாரத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில் 59 பேருக்கு அப்படி நடந்தது. அதில் 42 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கடைசிக் கால்வாசித் தூரத்தில். பிழைத்தவர்கள் பிழைத்ததற்கு முக்கியக் காரணம், பக்கத்தில் இருந்தவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கியது. உங்கள் திட்டத்துக்கு இதிலிருந்து இரண்டு வரிகள் கிடைக்கின்றன. எல்லா வாலண்டியர்களுக்கும் சி.பி.ஆர். பயிற்சி: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து செ.மீ. ஆழம். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியோடு பைக்கிலோ சைக்கிளிலோ இருவர், கடைசி நான்கு கிலோமீட்டரில். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைக் குறைக்கிறது. கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் நுழைவதற்கு முன் பைக் போய்விடும். உங்கள் ஊர் மருத்துவமனைகளில் கருவியை ஒருநாள் இரவல் கேளுங்கள், கொடுப்பார்கள்.

அடுத்தது இடம் சொல்வது. 'ஏழரையாவது கிலோமீட்டரில் ஒருத்தர் விழுந்துட்டார்' என்று 108-க்குச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் ஓர் எண் பலகை வையுங்கள். அந்த எண்ணுக்கு நேரே, பக்கத்தில் இருக்கும் கோயில், பெட்ரோல் பங்க், பள்ளி எது, எந்தத் தெரு வழியாக வந்தால் ஓட்டக்காரர்கள் குறுக்கே வராமல் உள்ளே நுழையலாம் என்று ஒரு தாள் தயாரியுங்கள். அந்தத் தாள் கண்ட்ரோல் ரூமிலும் ஒவ்வோர் ஆம்புலன்ஸிலும் காவல் நிலையத்திலும் ஒட்டியிருக்கட்டும். முழுத் திட்டத்திலும் அதிகம் பயன்படப் போவது அந்த ஒரு தாள்தான்.

செல்போனை மட்டும் நம்பாதீர்கள். 2013 ஏப்ரல் 15 அன்று பிற்பகல் 2:49-க்கு பாஸ்டன் மாரத்தான் முடிவுக்கோட்டருகே குண்டுகள் வெடித்தபோது மூவர் இறந்தார்கள், 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதில் செல்போன் வலைப்பின்னல் திணறியது. முடிவுக்கோட்டுக்கு வராத 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்கள் வழியிலேயே நிறுத்தப்பட்டார்கள். கையில் போன் இல்லை, பை வேறெங்கோ இருக்கிறது, வியர்வை காய்ந்து குளிர்கிறது, குடும்பம் எங்கே என்று தெரியாது. காயமடைந்தவர்களில் மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள் என்பதற்கு ஒரு காரணம், சோர்ந்த ஓட்டக்காரர்களுக்காகப் போட்டிருந்த மருத்துவக் கூடாரமும் அதிலிருந்த மருத்துவர்களும் சில அடி தூரத்தில் இருந்தது. குண்டுக்கென்று யாரும் தனியாகத் திட்டம் போட முடியாது. நல்ல மருத்துவக் கூடாரம், வாக்கி-டாக்கி, குடும்பங்கள் சந்திக்க முன்கூட்டியே அறிவித்த ஓர் இடம் இந்த மூன்றும் எந்த அசம்பாவிதத்துக்கும் உதவும். உங்கள் மாவட்டத்தில் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் (செல்போன் இல்லாமல் சொந்த வானொலிக் கருவியில் பேசிக்கொள்கிறவர்கள்) இருந்தால் அழையுங்கள். இது அவர்கள் விரும்பிச் செய்யும் வேலை.

கண்ட்ரோல் ரூமில் வாட்ஸ்அப் குழு ஒன்றே தொடர்பு என்று இருக்கக் கூடாது. காலை வணக்கமும் செல்ஃபியும் வந்து விழும் இடத்தில் '14-ல் ஒருவர் மயக்கம்' என்ற செய்தி மேலே ஓடிவிடும். அவசரத்துக்கென்று தனிக் குழு, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், படம் போடத் தடை.

டிசம்பர் என்பதால் மழை. வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். வானிலை மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உங்கள் மாவட்டத்துக்கு வந்தால் என்ன என்பதை முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: சிவப்பு என்றால் ரத்து, கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும், அடுத்த தேதி உண்டா. 2012-இல் நியூயார்க்கை சாண்டி புயல் தாக்கியது அக்டோபர் 29. மாரத்தான் நவம்பர் 4. நடக்கும், நடக்கும் என்று நகர நிர்வாகம் சொல்லிக்கொண்டே வந்தது. ஓட்டம் தொடங்கும் ஸ்டேட்டன் ஐலண்டில் அப்போது வீடிழந்தவர்கள் மின்சாரமின்றி இருந்தார்கள், ஓட்டத்துக்கோ ஜெனரேட்டர்கள் வந்து இறங்கியிருந்தன. ஊர் கொந்தளித்தது. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை ரத்து. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் விமானம் ஏறி வந்து இறங்கியிருந்தார்கள். மூன்று நாள் முன்னால் அதே முடிவை எடுத்திருந்தால் கோபம் பாதியாகியிருக்கும் என்பது என் கருத்து. உங்கள் ஊரில் வெள்ளம் வந்து காவலர்களும் மாநகராட்சி ஊழியர்களும் மீட்பு வேலையில் இருக்கும்போது அவர்களை ஓட்டத்துக்கு அழைக்காதீர்கள். அனுமதி ரத்தாகும் முன் நீங்களே ரத்து செய்யுங்கள்.

இடி மின்னலுக்கு எளிய விதி: மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் திறந்த வெளியில் யாரும் இருக்கக் கூடாது, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. ஷாமியானாவும் மரத்தடியும் பாதுகாப்பில்லை. பள்ளிக் கட்டடம், கல்யாண மண்டபம், பேருந்து ஆகியவைதான் பாதுகாப்பு. மண்டபச் சாவி யாரிடம் என்று எழுதுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மழைக்காகத் தாமதித்தால் வெயில் ஏறிவிடும். ஆகவே தாமதத்துக்கும் வரம்பு கட்டுங்கள். 5 மணிக்குத் தொடங்க வேண்டியது 6 மணிவரை தள்ளலாம். 6-ஐத் தாண்டினால் 21 கி.மீ. கிடையாது, எல்லோருக்கும் 10 தான். 6:45-ஐத் தாண்டினால் ரத்து. இந்த வரியை முதல் நாள் பிப் கொடுக்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டால் காலையில் சண்டை இருக்காது.

மலைப் பாதையில் நடத்தும் எண்ணம் இருந்தால் முதல் ஆண்டில் வேண்டாம் என்றே சொல்வேன். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டத்தில் 172 பேர் கிளம்பினார்கள். திடீரென ஆலங்கட்டி மழையும் உறைய வைக்கும் காற்றும். 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. காற்றுத் தடுப்பு மேலுடை கட்டாயமாக்கப்படவில்லை. விபத்து நடந்த பகுதிக்கு வண்டி போகாது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் குகைக்குள் இழுத்துப் போய் ஆறு பேரைக் காப்பாற்றினார். ஓடியவர்களில் நாட்டின் முன்னணி வீரர்களும் இருந்தார்கள், அவர்களிலும் சிலர் இறந்தார்கள். நம் பக்கம் குளிர் இப்படி வராது. ஆனால் வண்டி போகாத இடத்தில் ஆபத்து வந்தால் என்னவாகும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்து நாம் பார்த்திருக்கிறோம்.

பாதை தவறுவதைப் பற்றிச் சுருக்கமாக. 2017 வெனிஸ் மாரத்தானில் முன்னணியில் போனவர்கள் வழிகாட்டிய பைக்கைப் பின்தொடர்ந்து தவறான பாதையில் போய்விட்டார்கள், பின்னால் வந்தவர் ஜெயித்தார். 2015-இல் பாங்காக்கில் ஓர் அரை மாரத்தானில் திருப்பத்தைத் தவறாக வைத்ததால் 21 கி.மீ.க்குப் பதில் 27 கி.மீ.க்கு மேல் ஓட வைத்துவிட்டார்கள். அந்த ஆறு கிலோமீட்டருக்குத் தண்ணீரும் மருத்துவரும் திட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள். பைலட் பைக் ஓட்டுநர் முந்தைய நாள் அதே நேரத்தில், இருட்டில், முழுப் பாதையையும் ஒருமுறை போய் வரட்டும்.

கூட்டம் கலைவதற்கும் திட்டம் வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்க வந்த கூட்டத்தில் வெயிலும் நெரிசலுமாக ஐந்து பேர் இறந்தது நினைவிருக்கும். உங்களுக்கு 1,500 பேர்தான். ஆனாலும் முடிவுக்கோட்டைத் தாண்டியவுடன் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். பின்னால் வருகிறவர் முட்டி நிற்பார், ஸ்ட்ரெச்சருக்கு வழி இருக்காது. பதக்கமும் காலைச் சாப்பாடும் முடிவுக்கோட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்கட்டும். பொங்கல், இட்லி வரிசையின் வால் மருத்துவக் கூடாரத்தை அடைக்கக் கூடாது.

பிப் எண்ணின் பின்பக்கம் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், ரத்த வகை, சாப்பிடும் மருந்து எழுதக் கட்டம் அச்சிடுங்கள். கொடுக்கும் மேசையிலேயே பேனா கட்டி, எழுத வைத்து அனுப்புங்கள். நண்பரின் பிப்பை வாங்கி ஓடுவதை எந்தச் சலுகையும் இல்லாமல் தடுத்துவிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வேறொருவர் பெயரில் இருந்தால், மருத்துவமனை தவறான வீட்டுக்குப் போன் செய்யும். உண்மையான குடும்பத்துக்கு மாலைவரை தகவல் போகாது.

ஒருவேளை உயிரிழப்பு நேர்ந்துவிட்டால்: குழுவில் ஒருவரை அந்தக் குடும்பத்துக்கு என்றே ஒதுக்குங்கள். அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது. மருத்துவமனையில் அவர்களோடு இருப்பது, பிரேதப் பரிசோதனை, வண்டி ஏற்பாடு, ஊருக்கு அனுப்பி வைப்பதுவரை அவர் பொறுப்பு. குடும்பத்துக்குத் தெரியும் முன் பெயர் வெளியே போகக் கூடாது. பத்திரிகையாளர்களிடம் பேசுவது ஒருவர் மட்டும். நடந்தது என்ன, எப்போது சிகிச்சை தொடங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணம் சொல்வது மருத்துவர் வேலை. 'அவருக்கு ஏற்கெனவே நோய் இருந்திருக்கும்' என்று உங்கள் குழுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இழந்து நிற்கும் வீட்டாருக்கு அதைவிடக் கொடுமையான சொல் இல்லை. மாலை விருது விழாவை நிறுத்திவிடுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வருகிறது. ஓடுகிறவரிடம் வாங்கும் 'என் சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன்' என்ற ஒப்புதல் உங்கள் கவனக்குறைவுக்குக் கேடயம் ஆகாது. அன்று காலை முதல் கண்ட்ரோல் ரூமில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்: 6:12, 9-ஆம் எண் பலகை, ஒருவர் மயக்கம், 6:13 ஆம்புலன்ஸ் 2 கிளம்பியது, 6:17 சேர்ந்தது. பிறகு யார் கேட்டாலும் அந்த நோட்டுதான் பேசும்.

திட்டத்தை எழுதி முடித்ததும் இரண்டு வாரம் முன்பு ஒரு மாலை எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காருங்கள். காவல் ஆய்வாளர், 108 பொறுப்பாளர், அரசு மருத்துவமனை மருத்துவர், பேருந்துப் பொறுப்பாளர் எல்லோரும். பாதை வரைபடத்தை விரித்து ஒருவர் கதை சொல்லட்டும்: 'மணி 6:40. 14-ஆவது கிலோமீட்டரில் பத்து நிமிடத்தில் மூன்று பேர் விழுந்திருக்கிறார்கள். இரண்டு ஆம்புலன்ஸ் வெளியே. பாதையில் இன்னும் 800 பேர். சிறப்பு விருந்தினர் பரிசு கொடுக்க வந்துவிட்டார்.' ஒவ்வொருவரும் நான் இப்போது என்ன செய்வேன் என்று சொல்லட்டும். 'அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்' என்ற பதில் எங்கே வருகிறதோ அங்கே திட்டத்தில் ஓட்டை. அடைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து இன்னொரு கதையோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இப்போதைக்கு, பாதை முடிவானவுடன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலில் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுத் தலைவரைப் பாருங்கள், காவல் நிலையம் பிறகு. அவர் 'இந்த இடத்திலிருந்து எங்களால் பத்து நிமிடத்தில் ஆளைக் கொண்டுவர முடியாது' என்று எந்தப் புள்ளியைக் காட்டுகிறாரோ, பாதையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.